சளிக்காய்ச்சல் வைரஸ் எப்படிப் பரவுகிறது, உடம்பு அதை எப்படி விரட்டுகிறது?

வைரஸ் தானாகப் பெருக முடியாதது. புரத உறைக்குள் மடித்து வைத்த ஒரு செய்முறைச் சீட்டு, அவ்வளவுதான்.

காரைக்குடிப் பக்கத்துக் கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பங்கரையில் வெள்ளைப் பணியாரம் வேகிறது. யாரோ ஒரு சீட்டை நுழைத்துவிட, சமையல்காரர் பணியாரத்தை விட்டுவிட்டு அந்தச் சீட்டையே ஆயிரம் பிரதி எடுக்கிறார். அடுப்படி பாழ், சீட்டுகள் அடுத்த வீட்டுக்குப் பறக்கின்றன. நம் செல்லுக்குள் நடப்பதும் இதேதான். தும்மல், இருமல், தொட்ட கை எல்லாம் சீட்டு போகும் வழிகள்.

மாட்டிக்கொண்ட செல் பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும். காய்ச்சல்கூட உடம்பே மூட்டும் சூடுதான். வெள்ளணுக்களில் ஒரு வகை, கெட்டுப்போன செல்லையே அழிக்கும். இன்னொரு வகை செய்யும் எதிர்ப்பொருள், வைரஸின் மேல் ஒட்டிக்கொண்டு அதை உள்ளே நுழைய விடாது. முதல் தடவை இதற்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அப்புறம் மொய் ஏட்டில் எழுதியது மாதிரி பேர் பதிந்துவிடும். தட்டம்மை பெரும்பாலும் மறுபடி வராதது அதனால்தான். ஃப்ளூ வைரஸோ முகத்தை மாற்றிக்கொண்டே வருவதால் ஏடு ஏமாந்துபோகிறது.

சளி பிடித்ததும் பலர் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக், பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை அல்ல.