தனிப் பாத்தி

கேள்வி: சூலூர் பக்கம் இரண்டரை ஏக்கரில் கீரை போடுகிறோம். சிங்காநல்லூர் உழவர் சந்தை பக்கம் என்பதால் தினமும் கைக்காசு வருகிறது. ஆனால் சுற்றிலும் சைட் ஆகிவிட்டது, ஆள் கிடைப்பதில்லை, கிணறும் வற்றுகிறது. பள்ளத்தில் ஓடும் சாக்கடைத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துச் சமாளிக்கிறோம். மருமகள் மாசமாக இருப்பதால் வீட்டுக்கு மட்டும் கிணற்றடியில் தனிப் பாத்தி. மகன் விற்கச் சொல்கிறான். விற்கலாமா?

பதில்: விற்பதை அப்புறம் பேசலாம். அந்தத் தனிப் பாத்திக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

ஊர் ஓரத்து நிலம், விற்கச் சொல்லும் மகன் என்று மாதம் நாலு கடிதமாவது எனக்கு வரும். உங்கள் கடிதத்தில்தான் இப்படி ஒரு வரி. அந்தத் தண்ணீர் ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். தெரியாமலா மருமகளுக்கு வேறு பாத்தி? 1999-ல் உழவர் சந்தை தொடங்கியதே இடைத்தரகர் வேண்டாம் என்றுதான். விளைவித்தவரே தராசு பிடிக்கிறார் என்று நம்பி சனம் அங்கே வருகிறது. உங்களிடம் கட்டு வாங்குகிறவர் வீட்டில் மாசமான பெண் இருக்க மாட்டாளா?

அலசினால் போய்விடும் என்று மட்டும் சொல்லாதீர்கள். புழு முட்டை இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். நன்றாக வேக வைத்தால் அது சாகும், சரி. பட்டறைக் கழிவு கலந்திருந்தால் காட்மியம் என்கிற நச்சு உலோகம் இலைக்குள்ளேயே ஏறிவிடும். அதை எத்தனை நேரம் கொதிக்க வைத்தும் பயனில்லை. அப்புறம், அந்தத் தண்ணீரில் கணுக்கால் நனைய நின்று மடை திருப்புகிறவர் யார்? அதை நீங்கள் எழுதவே இல்லை.

கிணற்றுத் தண்ணீர் எவ்வளவுக்குக் காணுமோ அவ்வளவுக்கு மட்டும் கீரை போடுங்கள், அரை ஏக்கர் ஆனாலும். சொட்டுநீர் போட்டால் இன்னும் கொஞ்சம் பாயும். வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோவையிலேயே இருக்கிறது. பள்ளத்துத் தண்ணீரையும் மண்ணையும் அங்கே பரிசோதிக்கக் கொடுங்கள். மற்ற இடத்தில் சம்பங்கி வைக்கலாம். பூமார்க்கெட்டும் பக்கம்தான், பூவை யாரும் கடைந்து சாப்பிடப் போவதில்லை. வருமானம் குறையும். குறையட்டும்.

நிலத்தை விற்பது பாவம் என்கிற ஆள் நான் இல்லை. ஆனால் குடும்பம் என்பது வீட்டு வாசலோடு முடிந்துவிடும் என்று நினைக்கிறவருக்கு விற்கவோ வைத்துக்கொள்ளவோ யோசனை சொல்ல எனக்கு மனசில்லை. பள்ளத்துத் தண்ணீரை நிறுத்திய பிறகு, சந்தைக்குப் போகும் கீரைக்கட்டிலிருந்தே ஒன்றை உருவி மருமகளுக்குக் கடைந்து கொடுத்துவிட்டு, மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.