எழுத்தைப் படிக்காமல் படத்தைப் பார்த்து வாங்கினால்...

கேள்வி: நம் கடற்படையின் பழைய ஐ.என்.எஸ். டெல்லிதான் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் 'கிராஃப் ஸ்பே' போர்க்கப்பலை மடக்கிய 'அக்கிலீஸ்' என்று படித்தேன். அதன் தபால் உறைகள் (கவர்கள்) இரண்டு வாங்கினேன். ஒன்றில் கப்பல் படத்தோடு 'எச்.எம்.என்.இசட்.எஸ். அக்கிலீஸ், 13-12-1939' என்று அச்சிட்டு, ஓரத்தில் நீல மையில் ஒரு கையெழுத்து. சண்டை நடந்த அன்று கப்பலிலிருந்தே போட்டது என்றார் விற்றவர். இன்னொன்று 1924-ல் போன 'எச்.எம்.எஸ். டெல்லி' கவர். நண்பர்கள் இரண்டையும் டூப்ளிகேட் என்கிறார்கள். உண்மையா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: கவர்களைக் குறை சொல்லாதீர்கள். விற்றவர் சொன்ன கதைதான் டூப்ளிகேட்.

1924 கவர் அசலாகவே இருக்கலாம். ஆனால் அது வேறு கப்பல். பிரிட்டிஷ் கடற்படையில் 1918-ல் நீரில் இறங்கிய டெல்லி என்ற குரூசர் வகைப் போர்க்கப்பல் ஒன்று இருந்தது. 1923-24-ல் ஹுட், ரிபல்ஸ் கப்பல்களோடு உலகம் சுற்றிய அணியில் அதுவும் உண்டு. 1948-ல் அது உடைப்புக்குப் போனது. அதே 1948-ல், ஜூலை 5 அன்று, அக்கிலீஸ் நம் கைக்கு வந்து டெல்லி என்று பெயர் மாறியது. உங்கள் கவர் போன 1924-ல் அக்கிலீஸ் பிறக்கவே இல்லை. பர்க்கன்ஹெட்டில் கேமல் லேர்டு தளத்தில் அதற்கு அடித்தளம் போட்டதே 1931-ல்.

இனி 1939 கவர். படத்தை விடுங்கள், பெயருக்கு முன்னால் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். எச்.எம்.எஸ். என்றால் பிரிட்டிஷ் மன்னரின் கப்பல், நடுவில் 'என்.இசட்.' வந்தால் நியூசிலாந்து, 'ஐ' வந்தால் இந்தியா. நியூசிலாந்துக் கடற்படை தனிப் பெயர் பெற்றது 1-10-1941 அன்று. அதற்கு முன் அக்கிலீஸின் மாலுமிகளில் பாதிக்கு மேல் நியூசிலாந்துக்காரர்கள் என்றாலும், கப்பல் வெறும் எச்.எம்.எஸ்.தான். கிராஃப் ஸ்பேயுடனான அந்த ரிவர் பிளேட் சண்டை நடந்த அன்று 'என்.இசட்.' என்று யாரும் அச்சடித்திருக்க முடியாது. காலையில் குண்டு வாங்கி நான்கு பேரைப் பறிகொடுத்து, பிறகு எதிரியைத் துரத்திக்கொண்டிருந்த கப்பலில் படம் போட்ட கவருக்கு அன்றைய தேதி குத்த யாருக்கு நேரம்? உங்களிடம் இருப்பது பின்னாளில் வந்த நினைவு உறை. அது குற்றமில்லை, போர்க்கால விலை வைத்ததுதான் குற்றம்.

எழுத்துகளை வைத்தே காலத்தைப் பிரிக்கலாம். 1941 செப்டம்பர் வரை எச்.எம்.எஸ்.; பிறகு, பிரிட்டனிடம் திரும்பிய 1946 வரை எச்.எம்.என்.இசட்.எஸ்.; 1948 ஜூலை முதல் 1950 ஜனவரி 25 வரை எச்.எம்.ஐ.எஸ். டெல்லி, குடியரசு நாளிலிருந்து 1978 ஜூன் 30-ல் ஓய்வு பெறும் வரை ஐ.என்.எஸ். நடுவில் உள்ள எச்.எம்.ஐ.எஸ். காலம் ஒன்றரை வருடம்தான். தேட வேண்டியது அதைத்தான். அதில் நயா பைசா தபால்தலை ஒட்டியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. 1997-ல் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். டெல்லி புதிய நாசகாரிக் கப்பல், இதற்கும் அதற்கும் பெயர் ஒன்றுதான்.

கப்பல் படம் இருந்தால் பீரங்கி மேடைகளை எண்ணுங்கள். அக்கிலீஸ் கட்டும்போது நான்கு மேடை, மேடைக்கு இரண்டாக எட்டு ஆறங்குல பீரங்கிகள். 1943 ஜனவரியில் பசிபிக் தீவான குவாடல்கனால் பக்கம் ஜப்பானிய விமானக் குண்டு பின்பக்கத்து மேடை ஒன்றை நாசமாக்கியது. பழுது பார்த்தபோது அந்த மேடையை எடுத்துவிட்டு விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளை வைத்தார்கள். ஆகவே நமக்கு வந்தபோது மேடை மூன்று, பீரங்கி ஆறு. டெல்லி என்று பெயர் போட்டு நான்கு மேடை வரைந்திருந்தால், வரைந்தவர் பழைய புகைப்படத்தைப் பார்த்துப் போட்டிருக்கிறார். ஒரே ஒரு இரட்டைக்குழல் மேடையும் பின்னால் ஹெலிகாப்டர் தளமும் தெரிந்தால் அது 1970-ல் வந்த இன்னொரு அக்கிலீஸ், குரூசரைவிடச் சிறிய ஃபிரிகேட் வகை. இரண்டும் 'லியாண்டர் வகுப்பு' என்பதால் விற்பவர்களே குழம்புகிறார்கள், சிலர் வேண்டுமென்றே.

அசல் போர்க்கால உறை பார்க்க ஏமாற்றமாக இருக்கும். படம் கிடையாது. எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதால் கப்பல், துறைமுகம் இரண்டின் பெயரும் இல்லாத முத்திரை, பக்கத்தில் தணிக்கை முத்திரை, அவ்வளவுதான். கப்பலின் பெயர் வேண்டுமென்றால் அங்கிருந்து போன கடிதத்தைவிட அங்குள்ள மாலுமிக்கு வந்த கடிதத்தைத் தேடுங்கள், முகவரியிலேயே இருக்கும்.

வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யலாம். கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டறையில் உறைமேல் அடியுங்கள். பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் வெளுப்புச் சாயம் கலந்த காகிதம், 1939-க்கு ஒத்துவராது. மங்கலாகவே இருந்தால் மட்டும் பழையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பழைய காலி உறையில் புதிதாக அச்சடிப்பவர்களும் உண்டு. அடுத்து, பத்து மடங்கு லென்ஸில் கையெழுத்தைப் பாருங்கள். கோடு காகிதத்தில் பள்ளமாக அழுந்தி, வளைவுகளில் மை குட்டிப் பொட்டாகத் தங்கியிருந்தால் பால்பாயிண்ட். அந்தப் பேனா அமெரிக்காவிலேயே கடைக்கு வந்தது 1945 அக்டோபரில்தான். அதற்காகக் கையெழுத்தைப் போலி என்று கிழித்துப் போட வேண்டாம். சண்டையில் இருந்த மாலுமி வயதான பிறகு நினைவு உறையில் போட்டதாக இருக்கலாம். அப்படியென்றால் அதற்கு மதிப்பு உண்டு.

இரண்டு உறைகளையும் பாலியஸ்டர் உறையில் போட்டு வையுங்கள். பி.வி.சி. வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுபிசுத்து மையை இழுக்கும். தூத்துக்குடி உப்புக்காற்றில் பீரோவின் சுவரோரத் தட்டும் வேண்டாம். குறிப்பு எழுதுவதானால் பின்பக்கம் பென்சிலில் மட்டும்.