பால் பைத்தான் முதல் நட்சத்திர ஆமை வரை: வீட்டில் எதை வளர்க்கலாம்? சட்டம் குறித்த கேள்வி பதில்

பாம்பு, ஆமை, இகுவானா (அமெரிக்கக் கண்டத்துப் பெரிய பல்லி) வளர்ப்பவர்களும் வளர்க்க ஆசைப்படுபவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாம் இந்தியச் சட்டத்தை வைத்துச் சொல்வது. உங்கள் மீது ஏற்கெனவே வழக்கு இருந்தால் இதைப் படிப்பதோடு நிற்காமல் வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி (கோவை): அண்ணா, ஒரு பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை) குட்டி வாங்கப் போகிறேன். "வெளிநாட்டுப் பாம்புக்கு இங்கே சட்டமே கிடையாது, பேப்பர் எதுவும் தேவையில்லை" என்கிறார் விற்பவர். உண்மையா?

பதில்: ஒரு காலத்தில் பாதி உண்மையாக இருந்த பேச்சு அது. 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலும் நம் நாட்டு உயிரினங்களைப் பற்றியே பேசியது. வெளிநாட்டு விலங்கு எல்லை தாண்டும்போது சுங்கமும் இறக்குமதி விதிகளும் பிடிக்கும். வீட்டுக்குள் வந்துவிட்டால் அப்போது கேட்பாரில்லை. 2020இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், "வைத்திருப்பவர்கள் தாங்களாக முன்வந்து சொல்லுங்கள், ஆவணம் கேட்க மாட்டோம்" என்று ஓர் அவகாசம் கொடுத்தது. நிறையப் பேர் அப்போது பதிவு செய்துகொண்டார்கள்.

2022இல் வந்த சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. வன உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள உயிரினங்கள் அதன்படி நம் சட்டத்தின் 4ஆம் அட்டவணைக்குள் வந்துவிட்டன. பால் பைத்தான் அந்த ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. பச்சை இகுவானாவும் அப்படித்தான். இவற்றை வைத்திருந்தால் 49எம் பிரிவின்படி பதிவு செய்தே ஆக வேண்டும். கை மாறினாலும், குட்டி பொரித்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். இதற்கான விதிகள் 2024 பிப்ரவரி கடைசியில் வந்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள், அந்தக் கெடு முடிந்துவிட்டது. புதிதாக வாங்குபவர்களுக்கு 30 நாள். பதிவு, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில்.

அதனால் விற்பவரிடம் விலை பேசும் முன் ஒன்று கேளுங்கள்: "இந்தப் பாம்பு உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா? தாய்ப் பாம்பின் பதிவைக் காட்டுங்கள்." "இங்கேயே பொரித்த குட்டிதான்" என்று வாயால் சொல்வது போதாது. அவர் மழுப்பினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பேப்பர் இல்லாத பாம்பை வாங்கிய பிறகு சிக்கல் உங்களுடையது. மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கேள்வி (சேலம்): 2021இலிருந்து இகுவானா இருக்கிறது சார். பதிவுக் கெடு போனதே தெரியாது. இப்போது என்ன செய்வது?

பதில்: முதலில் யாருக்கும் விற்காதீர்கள், கொடுக்காதீர்கள், எங்கும் கொண்டு விடாதீர்கள். இந்த மூன்றும் நிலைமையை மோசமாக்கும். வாங்கிய ரசீது, பழைய புகைப்படங்கள், கால்நடை மருத்துவர் சீட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக எடுத்து வையுங்கள். ஒரு வக்கீலோடு உட்கார்ந்து, தாமதத்தின் காரணத்தை எழுதி, தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு நீங்களே விண்ணப்பியுங்கள். அதிகாரி கதவைத் தட்டிய பிறகு சொல்வதைவிட நீங்களாகப் போய்ச் சொல்வதே மேல்.

கேள்வி (மதுரை): நட்சத்திர ஆமை வீட்டுக்கு வந்தால் பணம் சேரும் என்று மாமா ஒன்று கொடுத்தார். வளர்க்கலாமா?

பதில்: கூடாது. நட்சத்திர ஆமை நம் ஊர் முள்காடுகளில் வாழும் உயிர். இப்போது அது சட்டத்தின் மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாமல். கொடுத்தது சொந்தக்காரர் என்பதாலோ, காசு வாங்கவில்லை என்பதாலோ சட்டம் விலகாது. வனச்சரக அலுவலகத்தில் பேசி ஒப்படையுங்கள். பக்கத்துக் காட்டில் நீங்களே விட்டுவிடாதீர்கள். எந்த ஊரிலிருந்து பிடித்தது என்று தெரியாத ஆமை, அந்தக் காட்டு ஆமைகளுக்கு நோயைக் கொண்டுபோகலாம்.

பணம் சேரும் என்ற பேச்சால் மட்டுமே எத்தனை ஆமைகள் பைக்குள் அடைபட்டுச் செத்திருக்கின்றன என்று நினைத்தால் எனக்கு மனம் ஆறவே மாட்டேன் என்கிறது.

கேள்வி (சென்னை): மீன் கடையில் வாங்கிய குட்டி ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. இதற்கும் பதிவு வேண்டுமா?

பதில்: கோட்டை நன்றாகப் பாருங்கள் தம்பி, எல்லாம் அதில்தான் இருக்கிறது. கண்ணின் பின்னாலிருந்து கழுத்தை நோக்கிப் பட்டையாகச் சிவப்பு ஓடினால், முதுகும் ஓரளவு வழவழவென்று இருந்தால், அது அமெரிக்காவிலிருந்து வந்த ரெட் இயர்டு ஸ்லைடர். முதுகின் நடுவே கூரை முகடு போல மேடு, அதில் பின்னோக்கிய ஒரு கூர்முனை, கண்ணுக்குப் பின்னால் பிறை வடிவில் ஆரஞ்சுத் திட்டு இருந்தால் அது வட இந்திய ஆறுகளில் வாழும் கூரை ஆமை. பின்னது முதல் அட்டவணை. இரண்டும் கடைகளில் விற்கப்படுவதைப் பார்க்கலாம். சந்தேகமிருந்தால் மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுத்து ஊர்வன தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஸ்லைடர் என்றால் சைட்டிஸ் பட்டியலில் இல்லை, எனவே இந்தப் பதிவு தேவையில்லை. ஆனால் என் கவலை வேறு. நாணயம் அளவில் வாங்கும் குட்டி சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், 20, 30 ஆண்டு இருக்கும். தொட்டி நாறத் தொடங்கியதும் கோயில் குளத்திலோ ஏரியிலோ கொண்டு போய் விடுகிறார்கள். அங்கே அது நம் ஊர் ஆமைகளின் இரையையும், வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. கேரளத்தில் திருச்சூர் பக்கம் நீர்நிலைகளில் இவை கிடைத்ததால் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம், "குளத்தில் விடாதீர்கள், எங்களிடம் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2016இலேயே இதன் விற்பனையைத் தடுத்துவிட்டது. ஆக்கிரமிப்பு அயல் இனங்களை வைத்திருப்பதையே தடை செய்ய நம் மத்திய அரசுக்கும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 62ஏ பிரிவு அதிகாரம் கொடுத்திருக்கிறது. இன்று பதிவு இல்லை என்பதால் நாளையும் இருக்காது என்று எண்ண வேண்டாம்.

கேள்வி (தஞ்சாவூர்): வயலில் மலைப்பாம்புக் குட்டி கிடைத்தது. வளர்த்துப் பெரிதாக்கிக் காட்டில் விடலாமா?

பதில்: வேண்டாம். பிடித்து வைப்பதே சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். உடும்பு, சாரை, நல்ல பாம்பு எதற்கும் இதே பதில். வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): பாங்காக் போய்விட்டுச் சென்னை வரும்போது தம்பிக்கு ஒரு பல்லி வாங்கி வரலாமா? சின்னதுதான்.

பதில்: சின்னது என்பதற்குச் சலுகை இல்லை. உயிருள்ள ஊர்வனவைக் கொண்டுவர இறக்குமதி உரிமமும் விலங்குத் தனிமைப்படுத்தல் சோதனையும் வேண்டும். சைட்டிஸ் இனமாக இருந்தால் அனுப்பும் நாட்டின் அனுமதிச் சீட்டும் சேர்த்து. பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் ஏராளம். உயிரோடு இருக்கும் விலங்குகளைப் பெரும்பாலும் வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். சாக்ஸுக்குள் முடிச்சுப் போட்டு அடைத்த குட்டிகள் அதுவரை தாங்குவது கடினம். சிங்கப்பூரில் பாம்பு, இகுவானா வளர்ப்பதற்கே அனுமதி கிடையாது என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி (திருச்சி): பதிவு செய்த பால் பைத்தானை இனி வளர்க்க முடியாத நிலை. வேலை மாற்றம். யாரிடம் கொடுப்பது?

பதில்: வேறொருவருக்குக் கொடுப்பதானால் அந்த மாற்றத்தை பரிவேஷில் பதிவு செய்தாக வேண்டும். வாங்குபவர் இரையை எங்கிருந்து வாங்குவார், கூண்டில் சூடு எப்படிக் கொடுப்பார் என்று நேரில் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பதில் வர வாரங்கள் ஆகலாம், அதனால் ஊர் மாறும் தேதி நெருங்கும் வரை காத்திருக்காமல் இப்போதே எழுதிப் போடுங்கள்.