கால்பந்து வீரராக இருந்து பயிற்சியாளரானவர்களுக்கு இணையத்தில் போடும் 'பிரபல வரிசை' எண்ணை நம்பலாமா?

எண் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எண்ணுவது வேறு எதையோ. சிங்கப்பூரில் இருந்து எழுதுவதால் எங்கள் நாட்டுக்கு ஆடி, பிறகு பயிற்சியாளரான வி. சுந்தரமூர்த்தியை வைத்தே சொல்கிறேன். எங்களுக்கு அவர் சுந்தரம்.

ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே கோப்பிக்கடையில் அப்பாவிடம் பேச்சுக் கொடுத்தால் போதும். தே ஓ (பால் இல்லாத தேநீர்) கிளாஸை ஓரமாகத் தள்ளிவிட்டு, 1993-ல் புருணைக்கு எதிராகச் சுந்தரம் அடித்த பைசைக்கிள் கிக்கை மேசையிலேயே நடத்திக் காட்டுவார். இரண்டு விரல்தான் கால், சீனிப் பொட்டலம்தான் பந்து. பந்து பெரும்பாலும் பக்கத்து மேசையில் போய் விழும். காலாங்கில் இருந்த பழைய தேசிய அரங்கில் தொண்டை கட்டக் கத்தியவர் அவர். ஆனால் அந்தப் பெயரைப் போனில் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை. தெரிந்த ஆளை எதற்குத் தேட வேண்டும்? இந்த வரிசைகள் பெரும்பாலும் தேடலையும் பக்கம் பார்த்தவர்களையும் வைத்துத்தான் போடப்படுகின்றன. அதில் அப்பா கணக்கிலேயே இல்லை.

அப்புறம், பயிற்சியாளர் பிழைப்பே தனி. ஜெயித்தால் கோல் அடித்தவன் பெயர், தோற்றால் பயிற்சியாளர் பெயர். 2013-ல் மலேசிய லீக்கில் ஆடிய எங்கள் சிங்கப்பூர் அணியான லயன்ஸ்12 மலேசிய சூப்பர் லீக் பட்டம் வாங்கியபோது பயிற்சியாளர் சுந்தரம்தான். அன்றைக்கு நான் அவரைத் தேடவில்லை. 2018 ஏப்ரலில் தேசிய அணிப் பொறுப்பிலிருந்து அவர் விலகிய அன்று மூன்று தடவை தேடினேன். வரிசைக்கு அதுவும் பிரபலம்தான்!

சிங்கப்பூரின் இன்னொரு வீரர்-பயிற்சியாளர் ஃபாண்டி அகமது கதை வேறு. 1983-ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் அணிக்காக இத்தாலியின் இன்டர் மிலானுக்கு எதிராகக் கோல் போட்டவர், 1994-ல் மலேசியக் கிண்ணம் வென்ற சிங்கப்பூர் அணியின் தலைவர். அது போக இர்ஃபான், இக்சான், இல்ஹான், இர்யான் என்று நான்கு மகன்களும் கால்பந்து வீரர்கள். இக்சான் கோல் அடித்தால் அவரைத் தேடுகிறவன் அப்படியே அப்பா பக்கத்தையும் ஒரு எட்டு பார்த்துவிடுவான். சுந்தரத்துக்கு அந்த வரவு இல்லை. பெயரும் சதி செய்கிறது. ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். தமிழில் வெறும் சுந்தரமூர்த்தி என்று தட்டினால் நாயனார் முன்னால் வந்து நிற்கிறார். தேவாரம் பாடியவரோடு மல்லுக்கு நிற்க முடியுமா?

சரி, வரிசையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் எண்ணை விட்டுவிட்டு, எந்த வாரம் ஏறியது என்று பாருங்கள். ஆளுக்கு வேலை கிடைத்ததா, வேலை போனதா, பிள்ளை கோல் அடித்தானா என்பது அதில் தெரிந்துவிடும்.