மிட்சோ லாக்குக்குப் படகிலா, காரிலா?

கேள்வி: என் தாத்தா, மியான்மரில் பெகுவிலிருந்து (இன்றைய பகோ) சித்தாங் ஆற்றுக்குப் போகும் பழைய கால்வாயில் நெல் ஏற்றிய சம்பான் என்ற தட்டைப் படகை ஓட்டியவர். கால்வாய் முடியும் மிட்சோவில் லாக்கை, அதாவது படகுகளைக் கடத்தும் நீர்க்கதவுத் தொட்டியை, கடந்த கதைகளை அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார். எழுபத்தைந்து வயதான அம்மா அந்த இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறார். தாத்தா போன வழியிலேயே படகில் அழைத்துச் செல்லலாமா?
– வாசகர், யாங்கோன்

பதில்: காரில் அழைத்துச் செல்லுங்கள். தாத்தா போன வழி என்பதாலேயே படகுப் பயணத்தின் மீது ஆசை எழுவது இயல்புதான். ஆனால், அந்தக் கால்வாய் எதற்காக வெட்டப்பட்டதோ, அதே காரணம்தான் இன்றும் படகு வேண்டாம் என்று சொல்ல வைக்கிறது. சித்தாங்கின் அகன்ற முகத்துவாரத்தில் கடல் ஏற்றம் ஒரே அலைச் சுவராக எழுந்து ஆற்றுக்குள் பாய்ந்து வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அதன் வேகம் மிக அதிகம். அந்த அலையில் சிக்கிக் கவிழாமல், மார்த்தபான் வளைகுடாவைச் சுற்றாமல், சித்தாங் கரையிலுள்ள தவுங்கூ பக்கத்துச் சரக்கு ரங்கூன் (இன்றைய யாங்கோன்) வந்துசேர வேண்டும் என்பதற்காகவே, பெகு ஆற்றங்கரைத் தாவாவையும் மிட்சோவையும் இணைத்து, 1870களில் பிரிட்டிஷ் அரசு இதை வெட்டியது.

கடல் ஏற்றத்தோடு ஆற்றின் நீர்மட்டம் ஏறி இறங்கும். கால்வாய் நீரோ ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடையே இரு கதவுகளுக்குள் அமைந்த தொட்டிதான் லாக். படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடி, சிறு மதகைத் திறந்து, தொட்டியின் நீரை எதிர்ப்புறத்து மட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். மட்டம் சமமாகும்வரை முன்கதவைத் திறக்க முடியாது, ஏனெனில் மட்டம் உயர்ந்த பக்கத்து நீரே அதை அழுத்தி மூடி வைத்திருக்கும். தாத்தா காத்திருந்த நேரமெல்லாம் இந்த மட்டம் சமமாவதற்காகத்தான் என்பதை அம்மாவுக்கு அங்கே நின்று சொல்லுங்கள். கதை கேட்ட காதுகளுக்கு அது இன்னும் நன்றாகப் புரியும்.

யாங்கோனிலிருந்து பெகு சுமார் 80 கிலோமீட்டர். அங்கிருந்து சாய்த்தோ சாலையில் வாவ் வரை சென்று, மிட்சோவுக்கான கிராமச் சாலையை அங்கேயே விசாரியுங்கள். மௌல்மேன் ரயில் பாதையும் வாவ் வழியாகவே செல்கிறது. இருந்தாலும் அம்மாவை நினைத்தால் காரே மேல். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். மழைக்காலத்தில் தாழ்ந்த வயல்வெளிகள் நீரில் மூழ்கும். 2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு பகோ பகுதியில் நிலைமை மாறிக்கொண்டே இருப்பதால், புறப்படும் முன்பு அங்குள்ள உறவினர்களிடமோ கோயில் நிர்வாகத்திடமோ வழி திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோரும் அடையாள அட்டையை உடன் வைத்திருங்கள். பாலங்களையும் மதகுகளையும் அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள்.

அம்மா தண்ணீரில் சற்று நேரமாவது போக விரும்பினால், கால்வாய்ப் பக்கத்தில் மட்டும், ஊர்ப் படகோட்டியுடன், உயிர்காப்பு உடை அணிவித்துப் பகல் வெளிச்சத்தில் போய்வாருங்கள். ஆற்றுப் பக்கம் படகைத் திருப்பப் படகோட்டி ஒப்புக்கொண்டாலும் நீங்கள் மறுத்துவிடுங்கள்.