வீட்டிலிருந்து ஆபீஸ் ஷேர்டு ஃபோல்டர் திறக்கவில்லையா? கேள்வி பதில்

பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் ஆபீஸை மனதில் வைத்து இந்தப் பதில்களைச் சொல்கிறேன். ஃபைல்கள் ஆபீஸில் ஒரு விண்டோஸ் புரோ கம்ப்யூட்டரிலோ நாஸ் பெட்டியிலோ (நெட்வொர்க்கில் மாட்டும் ஃபைல் சேமிப்புப் பெட்டி) இருக்கின்றன. அதைத்தான் சர்வர் என்கிறேன். வீட்டில் இருப்பவர்கள் வி.பி.என். (இன்டர்நெட் வழியே ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதுகாப்பான பாதை) வழியாக உள்ளே வருகிறார்கள்.

கேள்வி: வி.பி.என். கனெக்ட் ஆயிடுச்சுன்னு காட்டுது. ஃபோல்டரைத் திறந்தா ‘நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை’ன்னு வருது, பிழை எண் 53. ஆபீஸ்ல எல்லாருக்கும் திறக்குது. பர்மிஷன்ல ‘எவ்ரிஒன்’ போட்டு ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தும் சரியாகல சார்.

பதில்: அந்த ஃபுல் கன்ட்ரோலை முதலில் எடுத்துவிடுங்கள். 53 என்றால் உங்கள் லேப்டாப் சர்வரின் வாசலுக்கே போய்ச் சேரவில்லை. பர்மிஷன் பார்ப்பதெல்லாம் வாசல் தாண்டிய பிறகுதான். பர்மிஷன் தடுத்திருந்தால் பிழை எண் 5 வந்திருக்கும்.

பெயருக்குப் பதிலாக ஐ.பி. எண்ணைப் போட்டுத் திறந்து பாருங்கள், \\192.168.1.10 என்பது போல. திறந்துவிட்டால் கோளாறு பெயரில்தான். ஆபீஸுக்குள் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று கூவி அழைத்தே பெயரைக் கண்டுபிடித்துக்கொள்கின்றன. அந்தக் கூவல் வி.பி.என். தாண்டி வராது. வி.பி.என். அமைப்பில் ஆபீஸின் டி.என்.எஸ். சர்வரை (பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்வது) கொடுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எண்ணையும் பெயரையும் ஒரு வரியாகச் சேர்த்தால் போதும். சர்வரின் எண் மாறாமலிருக்க ரவுட்டரில் ரிசர்வ் செய்துவிடுங்கள்.

எண்ணைப் போட்டும் திறக்கவில்லையென்றால் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளையை சர்வரின் 445 போர்ட்டுக்கு (ஃபைல் ஷேரிங் நுழையும் கதவு எண்) கொடுங்கள். பிங்கை (எதிர்க் கம்ப்யூட்டர் பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) மட்டும் நம்பாதீர்கள், ஃபயர்வால் பிங்கையும் தடுக்கும். 445 ‘ஃபால்ஸ்’ என்று வந்தால், ஆபீஸில் திறந்து வீட்டில் திறக்காத இந்த நிலைக்குப் பெரும்பாலும் காரணம் சர்வர் கம்ப்யூட்டரின் ஃபயர்வால்தான். டொமைன் (எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) இல்லாத ஆபீஸில் ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’ விதி ‘லோக்கல் சப்நெட்’டுக்கு, அதாவது அதே எண் வரிசையில் இருப்பவர்களுக்கு, மட்டும் அனுமதி தரும். வி.பி.என்.னில் வருபவருக்கு 10.8.0.6 மாதிரி வேறு சப்நெட் எண் கிடைப்பதால் அவர் வெளியாள் ஆகிவிடுகிறார். அட்வான்ஸ்டு ஃபயர்வாலில் இன்பவுண்ட் ரூல்ஸுக்குப் போய், அந்தத் தலைப்பில் ‘எஸ்.எம்.பி.-இன்’ (எஸ்.எம்.பி. என்பது விண்டோஸ் ஃபைல்களைப் பகிரும் முறை) என்று முடியும் விதியைத் திறந்து, ஸ்கோப் பக்கத்தில் ரிமோட் ஐ.பி. பட்டியலில் 10.8.0.0/24 சேருங்கள். உங்கள் வி.பி.என். கொடுக்கும் எண் வரிசை வேறாக இருந்தால் அதைப் போடுங்கள். ஃபயர்வாலையே அணைத்துவைப்பது தீர்வாகாது.

கேள்வி: எங்க அக்கவுண்டன்ட் ஒருத்தருக்கு மட்டும் வீட்டு வைஃபைல திறக்கல. போன் ஹாட்ஸ்பாட் போட்டா உடனே திறக்குது. என்ன விசித்திரம் இது?

பதில்: அவர் வீட்டு ரவுட்டரும் 192.168.1 வரிசை, ஆபீஸ் ரவுட்டரும் 192.168.1 வரிசை. ஒரே பெயரில் இரண்டு தெரு இருப்பது போல. 192.168.1.10ஐக் கேட்டால் லேப்டாப் அதைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடுகிறது, வி.பி.என். பக்கம் திரும்புவதே இல்லை. ஹாட்ஸ்பாட்டில் எண் வரிசை வேறு, அதனால் வேலை செய்கிறது. இன்றைக்கு அவசரத்துக்கு அவர் வீட்டு ரவுட்டரின் வரிசையை மாற்றலாம். ஆனால் அடுத்த மாதம் இன்னொருவர் வீட்டில் இதே கதை வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆபீஸ் வரிசையை 10.37.52 மாதிரி யாரும் வைக்காத ஒன்றுக்கு மாற்றுங்கள். பிரிண்டர், கேமரா எண்களையும் அதோடு மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன், திரும்பத் திரும்பக் கேக்குது. ஒரு தடவை 1219னு ஒரு பிழையும் வந்துச்சு.

பதில்: இரண்டும் வேறு வேறு. திரும்பக் கேட்டால், நீங்கள் போடுவது லேப்டாப் திறக்கும் நாலு இலக்கப் பின் எண்ணா என்று பாருங்கள். பின் எண் அந்த லேப்டாப்புக்கு மட்டுமே, நெட்வொர்க்கில் செல்லாது. சர்வரில் உங்களுக்கு இருக்கும் கணக்கின் பாஸ்வேர்டு வேண்டும். பயனர் பெயரையும் சர்வர் பெயரோடு சேர்த்துப் போடுங்கள்: முதலில் சர்வர் பெயர், பின்சாய்வுக்கோடு, பிறகு பயனர் பெயர். 1219 என்றால் அதே சர்வரில் வேறொரு பயனர் பெயரில் ஏற்கெனவே ஒரு இணைப்பு திறந்திருக்கிறது. ஒரு சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயரை விண்டோஸ் ஏற்காது. நெட் யூஸ் (ஷேர்டு ஃபோல்டரை இணைக்கவும் துண்டிக்கவும் உதவுவது) கட்டளையில் பழைய இணைப்பை டெலீட் செய்து, கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்த பழைய பதிவையும் நீக்கி, லாக் ஆஃப் செய்து வாருங்கள்.

கேள்வி: விண்டோஸ் 11 24எச்2 அப்டேட் வந்ததும் பழைய நாஸ் பெட்டி திறக்கல. இதுவரைக்கும் பாஸ்வேர்டே இல்லாம திறந்துச்சு.

பதில்: அதுதான் காரணம். புரோ பதிப்பில் 24எச்2 முதல் பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவு அடைக்கப்பட்டிருக்கிறது, எஸ்.எம்.பி. சைனிங்கும் (வரும் தகவலுக்குக் கையெழுத்துப் போட்டு உறுதிசெய்வது) கட்டாயம். கெஸ்ட்டுக்குக் கையெழுத்துப் போட பாஸ்வேர்டு கிடையாது. நாஸில் ஆளுக்கொரு கணக்கு திறந்து, எஸ்.எம்.பி. 2, 3 இரண்டையும் இயக்குங்கள். எஸ்.எம்.பி. 1 மட்டுமே தெரிந்த பெட்டியென்றால் ஃபைல்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு ஓய்வு கொடுங்கள். அதற்காக லேப்டாப்பில் எஸ்.எம்.பி. 1ஐத் திரும்ப இயக்க வேண்டாம்.

கேள்வி: வி.பி.என். எதுக்கு? ரவுட்டர்ல 445 போர்ட்டை ஃபார்வர்டு பண்ணிட்டா நேரா வந்துடுமே?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது இந்த 445 வழியாகத்தான். அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் அதற்கு முந்தைய மார்ச்சிலேயே வந்திருந்தும் போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

கேள்வி: ஃபோல்டர் திறக்குது, சின்ன ஃபைல் வருது. பத்து எம்.பி. பி.டி.எஃப். காப்பி போட்டா பூஜ்யத்துலயே நிக்குது.

பதில்: காரணம் எம்.டி.யு., அதாவது ஒரு பாக்கெட்டில் (தகவல் துண்டில்) அனுப்பக்கூடிய உச்ச அளவு. வி.பி.என். தன் உறையையும் சேர்ப்பதால் பெரிய பாக்கெட்டுகள் வழியில் விழுந்துவிடுகின்றன. பிங்கில் எஃப், எல் சுவிட்ச் போட்டு 1372 அளவில் அனுப்பிப் பாருங்கள். போகவில்லையென்றால் 20, 20 ஆகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். போகும் அளவோடு 28 கூட்டி வருவதை வி.பி.என். அடாப்டரின் எம்.டி.யு.வாக வையுங்கள்.

கேள்வி: டேலி டேட்டா ஷேர்டு ஃபோல்டர்ல இருக்கு. வீட்ல இருந்து திறந்தா ஒரு லெட்ஜர் வர அரை நிமிஷம் ஆகுதுங்க. நெட் 100 எம்.பி. பிளான்தான்.

பதில்: 1000 எம்.பி. பிளான் போட்டாலும் அப்படித்தான் இருக்கும் அம்மா. இங்கே வேகத்தைவிடத் தாமதம்தான் கணக்கு. இப்படி டேட்டா ஃபைலை நேராகத் திறக்கும்போது, டேலி அதைத் துண்டு துண்டாகக் கேட்டு வாங்குகிறது. ஒரு லெட்ஜருக்கு 500 முறை போய்வர வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். ஆபீஸுக்குள் ஒரு நடைக்கு அரை மில்லிசெகண்ட், ஆக மொத்தம் கால் செகண்ட். வீட்டிலிருந்து ஒரு நடைக்கு 50 மில்லிசெகண்ட், மொத்தம் 25 செகண்ட். இதைவிடப் பெரிய கவலை, எழுதிக்கொண்டிருக்கும்போது வி.பி.என். அறுந்தால் டேட்டா கெட்டுப்போகலாம். ஆக்சஸ் டேட்டாபேஸுக்கும் இதே ஆபத்து.

ஆகவே டேலியை வீட்டு லேப்டாப்பில் திறக்காதீர்கள். ஆபீஸில் உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு, வி.பி.என். உள்ளே வந்தபின், ரிமோட் டெஸ்க்டாப் போடுங்கள். டேலி அங்கேயே ஓடும், உங்களுக்குத் திரை மட்டும் வரும். லைன் அறுந்தாலும் பதிந்துகொண்டிருந்த வவுச்சர் அங்கே திறந்தபடியே இருக்கும். அந்தக் கம்ப்யூட்டர் புரோ பதிப்பாக இருக்க வேண்டும், ஸ்லீப் ‘நெவர்’ என்று இருக்க வேண்டும். கரண்ட் போய் வந்தால் தானே ஆன் ஆக பயாஸில் வசதி இருக்கும், அதையும் போட்டுவையுங்கள்.

கேள்வி: ஒரு எக்செல் ஃபைல் ‘வேறொருவர் பயன்படுத்துகிறார்’னு சொல்லுது. யாரும் திறக்கல.

பதில்: யாரோ திறந்து வைத்திருக்கும்போது அவர் லைன் அறுந்திருக்கும். சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், ஷேர்டு ஃபோல்டர்ஸ், ஓப்பன் ஃபைல்ஸ் என்று போனால் பயனர் பெயரோடு அந்த ஃபைல் தெரியும். அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு, அந்த வரியில் ரைட் கிளிக் செய்து மூடுங்கள். கேட்காமல் மூடினால், அவர் உண்மையிலேயே திறந்து வைத்திருந்தால் சேமிக்காத வேலை போய்விடும்.

கேள்வி: காலைல லேப்டாப் ஆன் பண்ணா இசட் டிரைவ்ல சிவப்புப் பெருக்கல் குறி. கிளிக் பண்ணா சில நேரம் சரியாகுது.

பதில்: லாகின் ஆகும் நேரத்தில் வி.பி.என். இன்னும் வரவில்லை, டிரைவ் முயன்று தோற்றுவிடுகிறது. வி.பி.என். இணைந்தபின் கிளிக் செய்தால் போதும். தினமும் தொல்லையாக இருந்தால், வி.பி.என்.னை இணைத்துவிட்டு அடுத்து நெட் யூஸ் ஓடும்படி இரண்டு வரி பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் .bat ஃபைல்) எழுதி டெஸ்க்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.