தாய்லாந்தில் உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் அக்கா தாய்லாந்து நாட்டவர் ஒருவரை மணந்து பாங்காக்கில் வாழ்கிறார். திருமணம் முறைப்படி பதிவானது. அத்தான் அண்மையில் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். அத்தானின் அம்மாவும் இரண்டு தம்பிகளும் இருக்கிறார்கள். அண்ணன் சொத்தில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று தம்பிகள் சொல்வது சரியா?

பதில்: தம்பிகளுக்குப் பங்கு இல்லை. ஆனால் அத்தானின் அம்மாவுக்கு உண்டு. பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். தாய்லாந்தின் சிவில் மற்றும் வணிகச் சட்டத் தொகுப்பு, பிரிவு 1629-இல், சட்டப்படியான வாரிசுகளை ஆறு வரிசைகளாகப் பிரிக்கிறது. பிள்ளைகளும் அவர்கள் வழி வந்தவர்களும் முதல் வரிசை, பெற்றோர் இரண்டாவது, ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த உடன்பிறப்புகள் மூன்றாவது, தாய் அல்லது தந்தை மட்டும் பொதுவான உடன்பிறப்புகள் நான்காவது, தாத்தா பாட்டிகள் ஐந்தாவது, பெற்றோரின் உடன்பிறப்புகள் ஆறாவது. மேல் வரிசையில் ஒருவர் இருந்தாலும் கீழ் வரிசைக்கு எதுவும் கிடைக்காது. இந்த விதிக்கு ஒரே விலக்கு பெற்றோர்: பிள்ளைகள் இருந்தாலும், உயிருடன் இருக்கும் தாயும் தந்தையும் ஆளுக்கு ஒரு பிள்ளையின் பங்குக்குச் சமமான பங்கைப் பெறுவார்கள். கணவனோ மனைவியோ இந்த ஆறு வரிசைகளுக்குள் அடங்காமல் அவற்றோடு சேர்ந்தே வாரிசாகிறார். பிள்ளைகள் இருக்கும்போது அவருக்கும் ஒரு பிள்ளையின் பங்கு.

ஆனால் பங்கு பிரிக்கும் முன் எதைப் பிரிக்கிறோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும், குடும்பச் சண்டைகளில் பெரும்பாலும் இந்தப் படியைத்தான் தாண்டிவிடுகிறார்கள். திருமணத்துக்குப் பின் இருவரில் யார் சம்பாதித்திருந்தாலும் அது ‘சின் சோம்ரோட்’ எனப்படும் தம்பதியரின் பொதுச் சொத்து. திருமணத்துக்கு முன்பே இருந்ததும், பின்னர் மரபுரிமையாகவோ அன்பளிப்பாகவோ ஒருவருக்கு மட்டும் வந்ததும் ‘சின் சுவான் துவா’ எனப்படும் தனிச் சொத்து. பொதுச் சொத்தில் பாதி அக்காவுடையது. அது அவருக்கு வாரிசு உரிமையால் வருவதல்ல, ஏற்கெனவே அவருடையது. மீதிப் பாதியும் அத்தானின் தனிச் சொத்தும் மட்டுமே வாரிசுகளுக்குப் போகும்.

ஒரு கணக்காகப் பார்ப்போம். பொதுச் சொத்து 60 லட்சம் பாட் என்றும், அத்தானுக்கு அவருடைய தந்தை வழியில் வந்தது 20 லட்சம் பாட் என்றும் கொள்வோம். 60 லட்சத்தில் 30 லட்சம் அக்காவுடையது. எஞ்சிய 30 லட்சமும் 20 லட்சமும் சேர்ந்த 50 லட்சம், அக்கா, இரு பிள்ளைகள், மாமியார் ஆகிய நால்வருக்கும் ஆளுக்கு 12.5 லட்சமாகப் பிரியும். முடிவில் அக்காவின் கையில் இருப்பது 42.5 லட்சம்.

அக்கா வெளிநாட்டுக் குடியுரிமையோடு இருந்தால் நிலத்தைத் தனியாக யோசிக்க வேண்டும். வெளிநாட்டவரை மணந்த தாய்லாந்து நாட்டவர் நிலம் வாங்கும்போது, அந்தப் பணம் தாய்லாந்து நாட்டவரின் தனிப் பணம் என்று இருவரும் நில அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அக்காவும் அப்படிக் கையெழுத்திட்டிருந்தால், அந்த நிலம் தனிச் சொத்தாகவே கருதப்படும். மேலே சொன்ன பாதிக் கணக்கு அதற்குப் பொருந்தாது. மேலும், வெளிநாட்டவர் வாரிசாக நிலத்தைப் பெற்றாலும் நடைமுறையில் அதை ஓர் ஆண்டுக்குள் விற்றுவிட வேண்டியிருக்கும். தாய்லாந்துக் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே நிலத்தைப் பிள்ளைகள் பெயருக்கு விட்டு, வங்கிப் பணத்தில் அக்கா ஈடு பெறுவது பொருத்தமாக இருக்கலாம். ஆனால் பிள்ளைகள் 20 வயது நிறையாதவர்களாக இருந்தால், அவர்கள் சார்பில் இப்படிச் சமரச ஒப்பந்தம் செய்ய நீதிமன்ற அனுமதி தேவை.

கேள்வி: சியாங் மாயில் தாய்லாந்து நாட்டவர் ஒருவருடன் வாழ்ந்து வருகிறேன். பிக்குகளை அழைத்து, இரு வீட்டார் முன்னிலையில், சின் சோட் எனும் மணத்தொகையும் கொடுத்துத் திருமணம் நடந்தது. அம்போ எனப்படும் மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் பதிவு செய்யவில்லை. ஒரு மகள் இருக்கிறாள். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் நிலை என்ன?

பதில்: பிரிவு 1457-இன்படி பதிவினால் மட்டுமே திருமணம் சட்டப்படி நிறைவு பெறுகிறது. ஊரே வந்து வாழ்த்தியிருந்தாலும், பதிவு இல்லாத நீங்கள் அவருடைய வாரிசு ஆக மாட்டீர்கள். இதன் மறுபக்கம் இன்னும் கடுமையானது: அவருக்கு முன்பே பதிவான ஒரு மனைவி இருந்து, பல ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்ந்தாலும், சட்டப்படி விவாகரத்து ஆகாத வரை பிரிவு 1628 அந்தப் பெண்ணின் வாரிசு உரிமையைக் காக்கிறது. உடனிருந்து குடும்பம் நடத்தியவருக்கு ஒன்றும் இல்லாமல், விட்டுப் போனவருக்குப் பங்கு கிடைப்பது நியாயமாகத் தோன்றாது. ஆனாலும் சட்டம் அதுதான். உங்களுக்கு இருக்கும் ஒரே வழி, இருவரும் உழைத்துச் சேர்த்தவற்றில் கூட்டு உரிமையாளர் என்ற முறையில் உங்கள் பாதியைக் கோருவது. அதை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஆனால் நீங்களும் சேர்ந்து உழைத்ததை நிரூபிக்க வேண்டியிருக்கும்.

மகளின் நிலை இதைவிட நல்லது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை தாய்க்குச் சட்டப்படியான குழந்தையே. தந்தையைப் பொறுத்தவரை, பெற்றோர் பின்னர் மணந்துகொண்டாலோ, அவர் குழந்தையைத் தன் பிள்ளையாகப் பதிவு செய்தாலோ, நீதிமன்றம் தீர்ப்பளித்தாலோ முழு உரிமை வந்துவிடும். இவை எதுவும் இல்லாவிட்டாலும், தந்தை நடைமுறையில் குழந்தையைத் தன்னுடையதென ஏற்றுக்கொண்டிருந்தால் பிரிவு 1627 அவளை வாரிசாக்குகிறது. பிறப்புப் பதிவில் தந்தை என்று தன் பெயரைத் தந்தது, தன் குடும்பப் பெயரைச் சூட்டியது, படிக்க வைத்தது, மற்றவர்களிடம் தன் மகள் என்று அறிமுகம் செய்தது ஆகியவையெல்லாம் அதற்குச் சான்றுகள். இது ஒருவழிப் பாதை என்பதையும் சொல்ல வேண்டும்: இப்படி ஏற்பினால் மட்டும் வாரிசான மகள் முந்தி இறந்தால், தந்தை அவளுக்கு வாரிசாக மாட்டார்.

உங்கள் இருவருக்கும் திருமணத் தடை எதுவும் இல்லையென்றால், அம்போவுக்கு ஒருமுறை போய் வருவதை இனியும் தள்ளிப் போடாதீர்கள். 2025 ஜனவரி முதல் ஒரே பாலினத் தம்பதியரும் இப்படிப் பதிவு செய்து அதே வாரிசு உரிமையைப் பெறலாம்.

கேள்வி: குழந்தை இல்லாத தம்பதியரில் கணவர் இறந்தால் எல்லாம் மனைவிக்குத்தானே?

பதில்: இல்லை. பெற்றோரில் ஒருவராவது இருந்தால் மனைவிக்குப் பாதி. பெற்றோர் இல்லாமல், ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த உடன்பிறப்புகள் இருந்தாலும் பாதிதான். தாய் அல்லது தந்தை மட்டும் பொதுவான உடன்பிறப்புகளோ, தாத்தா பாட்டியோ, பெற்றோரின் உடன்பிறப்புகளோ மட்டும் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு. இவர்களில் யாருமே இல்லாதபோதுதான் முழுதும் அவருக்கு. முன்பே இறந்துபோன உடன்பிறப்பின் பிள்ளைகள் தங்கள் தாய் அல்லது தந்தையின் இடத்தில் நின்று பங்கு பெறுவார்கள். இறந்த பிள்ளையின் இடத்தில் பேரப்பிள்ளைகள் நிற்பதும் அப்படியே. ஆனால் இறந்த மகனின் மனைவிக்கு அந்த இடம் கிடையாது.

கேள்வி: என் கணவரின் அண்ணன் பிக்குவாக இருக்கிறார். மாமனார் உயில் இல்லாமல் இறந்துவிட்டார். துறவிக்கும் பங்கு உண்டா?

பதில்: தாய்லாந்துச் சட்டத்தின் தனித்தன்மை தெரியும் இடங்களில் இது ஒன்று. பிரிவு 1622-இன்படி, பிக்குவாக இருக்கும் ஒருவர் சட்டப்படியான வாரிசு என்ற முறையில் சொத்தைக் கோரி வழக்குத் தொடுக்க முடியாது. துறவை விட்டு வெளியே வந்து, உரிய காலக்கெடுவுக்குள் கோரினால் மட்டுமே முடியும். யாராவது உயிலில் அவருக்கு எழுதி வைத்தால் பெறுவதற்குத் தடையில்லை.

பின்னர் அந்தப் பிக்குவே காலமானால் என்ன ஆகும் என்பதையும் உங்கள் குடும்பம் அறிந்திருப்பது நல்லது. துறவுக் காலத்தில் அவருக்குச் சேர்ந்த சொத்து, அவர் உயிருடன் இருக்கும்போது கொடுத்துவிடாமலும் உயில் எழுதாமலும் இருந்தால், அவர் நிலையாகத் தங்கியிருந்த விகாரைக்குப் போய்விடும். துறவுக்கு முன் வைத்திருந்தது வாரிசுகளுக்கு வரும். பக்தர்கள் பிக்குவின் கையில் கொடுத்ததை அவர் குடும்பம் கேட்பதைவிட விகாரை வைத்துக்கொள்வதே முறை என்றுதான் எனக்கும் படுகிறது.

கேள்வி: இறந்தவரின் வங்கிக் கணக்கையும் நிலத்தையும் பெயர் மாற்ற எங்கே போக வேண்டும்? கடன் இருந்தால் நாங்கள் கட்ட வேண்டுமா?

பதில்: வாரிசு என்று சொல்லிக்கொண்டு வங்கிக்குப் போனால் பெரும்பாலும் நீதிமன்ற ஆணையைக் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். இறந்தவர் வசித்த பகுதிக்குரிய நீதிமன்றத்தில் வாரிசுகளில் ஒருவர் மனுச் செய்து, சொத்து நிர்வாகியாக நியமனம் பெற வேண்டும். இறப்புச் சான்று, வீட்டுப் பதிவேடு, திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகள், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் ஆகியவற்றை முன்கூட்டியே திரட்டிக்கொள்ளுங்கள். நிர்வாகி சொத்துக்கு உரிமையாளர் அல்லர். பட்டியல் தயாரித்து, கடனைத் தீர்த்து, மீதியைப் பிரித்துக் கொடுக்கும் கடமை உள்ளவர், அவ்வளவே. நிலத்தை நேரடியாக நில அலுவலகத்திலும் மாற்றலாம். அங்கே எதிர்ப்பு வருகிறதா என்று பார்க்க 30 நாட்கள் அறிவிப்பு வைப்பார்கள்.

கடனும் சொத்தோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் உங்களுக்குக் கிடைத்த சொத்தின் மதிப்புக்கு மேல் உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. வேண்டாம் என்று எண்ணினால் எழுத்து மூலம் உரிய அதிகாரியிடம் உரிமையைத் துறக்கலாம். வீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கடனை மட்டும் துறப்பது போன்ற பகுதித் துறப்புக்கு இடமில்லை. மரபுரிமை வரியைப் பற்றிப் பெரும்பாலோர் கவலைப்படத் தேவையில்லை: ஒருவருக்கு வந்தது 10 கோடி பாட்டைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும் 10 சதவீதம், பெற்றோருக்கும் பிள்ளைகள் வழியினருக்கும் 5 சதவீதம், கணவன் மனைவிக்கு வரி இல்லை.

காலக்கெடு முக்கியம். மரணத்தை அறிந்த, அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் வாரிசு உரிமை வழக்கைத் தொடுக்க வேண்டும். எப்படியானாலும் மரணத்திலிருந்து 10 ஆண்டுகளுக்கு மேல் இல்லை. பிரிக்கப்படாத சொத்தை ஏற்கெனவே அனுபவித்து வரும் வாரிசுக்கு மட்டும், அந்தக் கெடு முடிந்த பின்னும் பாகப்பிரிவினை கேட்கும் உரிமை உண்டு.

கேள்வி: பட்டானியில் உள்ள முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதே விதிகள்தானா?

பதில்: இல்லை. பட்டானி, யாலா, நராதிவாட், சதுன் ஆகிய நான்கு தென் மாகாணங்களில், வழக்கின் இரு தரப்பினரும் முஸ்லிம்களாக இருந்தால், குடும்பம், வாரிசு உரிமை தொடர்பான வழக்குகளில் 1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி இஸ்லாமியச் சட்டமே பொருந்தும். அங்கே நீதிபதியுடன் ‘டத்தோ யுதிதாம்’ எனப்படும் இஸ்லாமியச் சட்ட அறிஞரும் அமர்ந்து விசாரிப்பார். அதே முஸ்லிம் குடும்பம் பாங்காக்கில் வசித்து அங்கே வழக்கு நடந்தால், மேலே சொன்ன பொதுச் சட்டத் தொகுப்புதான் பொருந்தும்.